கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஓட்டு

(2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் எழுதியது.)

"மக்களவைத் தேர்தல்தானே, அது டெல்லி சமாச்சாரம்" என்று சொல்பவர்களை என் ஆபீஸிலேயே நிறையப் பார்க்கிறேன். அவர்கள் அண்ணா நகரிலோ மேற்கு மாம்பலத்திலோ இருப்பவர்கள். கழிவுநீர் அடைத்தால் கவுன்சிலர், பட்டா பிரச்சினை என்றால் எம்.எல்.ஏ. அதோடு அவர்கள் தேவை முடிந்துவிடுகிறது. வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் குடியிருக்கும் எனக்கு அப்படி இல்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் முதலில் என்னை நிறுத்துவது ரயில்வே கேட். அதைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் வரிசை. வடக்கிலிருந்து காற்று அடித்தால் மணலி ஆலைகளின் வாடை. ரயிலும் துறைமுகமும் மத்திய அரசுடையவை. பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதும் அங்கேதான். சென்னையின் மற்ற இரண்டு தொகுதிக்காரர்களைவிட எங்களுக்குத்தான் எம்.பி. அதிகம் தேவைப்படுகிறார்.

வரும் ஏப்ரல் 19-ம் தேதி வெள்ளிக்கிழமை ஓட்டுப்பதிவு. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாள். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் வடசென்னை. எங்கள் தெரு ஆர்.கே. நகரில் வருகிறது. இந்த முறை வேட்பாளர்கள் முப்பதுக்கும் மேல். ஒரு பேலட் யூனிட்டில் 16 பேருக்குத்தான் இடம் என்பதால் இயந்திரங்களை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். வயசானவர்கள் சின்னத்தைத் தேடித் தடுமாறப்போகிறார்கள், அவர்களோடு போகிறவர்கள் முன்கூட்டியே எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது வரிசை என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு பிரசார வண்டி வந்தது. எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் மற்றவர்கள் வந்தாலும் இதுதான் நடக்கும். வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டே போனார். பின்னால் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்த பையன் எனக்குத் தெரிந்தவன்தான். "அக்கா, மறக்காதீங்க, நம்ம சின்னம்" என்றான்.

"தம்பி, கேட்டு மேல பாலத்த எப்பப்பா திறப்பாங்க? அவர்கிட்ட கேட்டுச் சொல்றியா?"

"அதெல்லாம் கார்ப்பரேஷன் வேலைக்கா."

"ரெண்டு பக்கம் சரிவு கார்ப்பரேஷன் கட்டும். தண்டவாளத்துக்கு மேல வர்றத ரயில்வே சொல்லாம யாரும் தொட முடியாது. அதனாலதான் எம்.பி.க்கு நிக்கிறவரக் கேக்கறேன்."

அவன் வண்டியைப் பார்த்தான், வண்டி அதற்குள் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது. "சொல்றேன்கா" என்று ஓடினான். நல்ல பையன். ஆனால் அவனிடம் இருந்த நோட்டீஸில் யார் பிரதமராக வேண்டும், யார் வரக்கூடாது என்றெல்லாம் இருந்ததே தவிர, கொருக்குப்பேட்டை என்ற பெயரே இல்லை.

கேட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற லோக்கல், வடக்கே போகிற எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம் இந்த வழியாகத்தான். ஒரு வண்டி போனதும் திறப்பார்கள் என்று எஞ்சினை ஆன் செய்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரும். டேங்கர் கூட்ஸ் என்றால் மெதுவாக, ஒவ்வொரு பெட்டியாகக் கண் முன்னால் நகரும். அந்த நேரத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில் இருக்கிற பிள்ளைகள் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கம்பிக்குக் கீழே குனிந்து போவார்கள். சைக்கிள்காரர் சைக்கிளைப் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு போவார். திட்டத்தான் தோன்றும். ஆனால் லேட்டானால் அரை நாள் கூலி போகும் ஆளை எந்த வாயால் திட்டுவது? ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் சைரன் போட்டபடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சைரனுக்கு வழிவிட எல்லாரும் தயார்தான், வழிதான் இல்லை.

நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். துறைமுகத்துக்குள் கண்டெய்னர் போவதும் வருவதும் எனக்குக் காகிதத்தில் ஓடும். என் தம்பிக்கு அது ரோட்டில் ஓடும். அவன் ட்ரெய்லர் டிரைவர். ஏற்றுமதி லோடு எடுத்துக்கொண்டு வந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் வரிசையில் நிற்க வேண்டும், துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை அப்படியே ஊர்ந்து போக வேண்டும். வண்டிக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அதில் ஸ்டவ், குக்கர், அரிசி, புளி, மிளகாய்த் தூள் எல்லாம் வைத்திருப்பான். வரிசை நகராது என்று தெரிந்தால் இறங்கி நிழல் பார்த்து உலை வைத்துவிடுவான். பாதி வெந்திருக்கும்போது முன்வண்டி நகர்ந்தால் அடுப்பை அணைத்து, சுடுகிற குக்கரைத் துணியில் பிடித்து கேபினுக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பான். விடவில்லை என்றால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான், அன்றைய டிரிப் போய்விடும். தாமதமானால் ஹால்டிங் என்று வண்டி முதலாளிக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும், அந்த பில்லை நான் எழுதியிருக்கிறேன். டிரைவருக்கு டிரிப் அடிச்சால்தான் பேட்டா.

இந்த வரிசைக்கு ஒரு தீர்வாகத்தான் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை வந்தது. 2009-இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவம் கரையில் தூண்கள் எழும்பின. 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. வருஷக்கணக்காக வெறும் தூண்களாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடியும் அடிக்கல் நாட்டினார், இப்போது இரண்டடுக்குச் சாலை என்கிறார்கள். இதற்கு நடுவில் 2009, 2014, 2019 என மூன்று மக்களவைத் தேர்தல் முடிந்துவிட்டது. டி.கே.எஸ். இளங்கோவன், டி.ஜி. வெங்கடேஷ் பாபு, கலாநிதி வீராசாமி என்று மூன்று பேரை நாங்கள் அனுப்பியிருக்கிறோம். ஒரு எம்.பி. தனியாகப் பாலம் கட்டிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். டெல்லிக்கும் கோட்டைக்கும் ஆகாது என்றால் ரோடு நடுவில் நிற்கும், அதுதான் நடந்தது. ஆனால் இரண்டு அரசும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நாங்களே பார்த்திருக்கிறோம். மெட்ரோ கம்பெனி இரண்டு அரசுக்கும் சரிபாதி. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்தது. என் பெண் இப்போது தண்டையார்பேட்டையில் ஏறினால் காலேஜுக்கு வியர்க்காமல் போகிறாள். நாற்பது வயசுக்குமேல் எனக்கே இந்த ஊர்மேல் ஒரு நம்பிக்கை வந்தது அந்த ரயிலால்தான்.

19-ம் தேதி தம்பி ஓட்டுப் போடுவானா என்பதுதான் என் கவலை. சட்டப்படி அன்று சம்பளத்தோடு லீவு தர வேண்டும், தினக்கூலிக்கும் அது உண்டு. 18-ம் தேதி ராத்திரி பெங்களூரு லோடு ஏற்றிவிட்டால் அந்த லீவு அவனுக்கு எந்த ஊரில்? தபால் ஓட்டு அவனைப் போன்ற டிரைவர்களுக்குக் கிடையாது. "முதலாளிகிட்ட இப்பவே சொல்லி வை" என்று ஃபோன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறேன். "பாக்கலாம்கா" என்கிறான்.

காசிமேட்டில் இந்தக் கஷ்டம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் இருக்கும், வலை பின்னிக்கொண்டு ஆட்களும் ஊரில் இருப்பார்கள். கொஞ்ச வருஷமாகத் தேர்தலும் ஏப்ரலில் வருவதால் கடலுக்குப் போனவன் ஓட்டுப் போடவில்லை என்ற பேச்சு குறைந்திருக்கிறது. ஆனால் தடைக்காலத்துக்கு முன்னால் கடைசி ஏலத்தில் நாலு காசு பார்க்கலாம் என்று போன எங்கள் பக்கத்துத் தெரு மீன் வியாபாரி அக்காவைத் தேர்தல் ஆணையத்தின் பறக்கும் படை பிடித்துவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். விடியற்காலை ஏலத்தில் யார் பில் கொடுப்பார்கள்? நாலு பேரிடம் கைமாற்று வாங்கின பணம் அது. பாஸ்புக், சங்கத்துக் கடிதம் என்று அலைந்து திரும்ப வாங்கினாள். அதற்குள் ஏலம் முடிந்துவிட்டது.

பணம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.கே. நகரில் குடியிருக்கிறேன் என்றால் "அப்படியா, எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 ஜூன் இடைத்தேர்தலிலும் 2016 பொதுத்தேர்தலிலும் எங்கள் தொகுதியில் ஜெயலலிதா ஜெயித்தார். அவர் இறந்த பிறகு 2017 ஏப்ரல் 12-க்கு வைத்த இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா என்று சொல்லி இரண்டு நாளுக்கு முன்னால் ஆணையம் ரத்து செய்தது. மறுபடி டிசம்பர் 21-இல் நடந்தபோது குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் ஜெயித்தார். டிவி கேமராக்கள் எங்கள் தெருவிலேயே குடியிருந்த காலம் அது. மைக்கை நீட்டியவர்கள் வாங்கினீர்களா என்று எங்களைத்தான் கேட்டார்கள். கொடுத்தவர்களை யாரும் அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனால் அவமானம் மட்டும் வாங்கியவர்களுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் மறுப்பது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். கவரைக் கொண்டு வருகிறவர் அந்நியர் இல்லை. அத்தையை நடுராத்திரியில் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போக ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர். மாமா இறந்தபோது ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, மயானம் வரை வந்தவர். அவரிடம் "வேண்டாம்ணே" என்று சொன்னால் "ஏம்மா, எங்க மேல கோவமா?" என்று கேட்கிறார். சி-விஜில் என்று ஒரு செயலி இருக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று ஆணையம் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரைப் படம் எடுப்பது? அரசாங்க ஆஸ்பத்திரியும் தாலுகா ஆபீஸும் எங்களை நேராக நடத்தினால் அந்த அண்ணனின் உதவி எங்களுக்குத் தேவைப்படாது, அவர் கவருக்கும் மரியாதை இருக்காது. அதுவரை இந்தச் சங்கடம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 தேர்தலில் சென்னையின் மூன்று தொகுதிகளிலும் ஓட்டு சதவீதம் அதிகம் பதிவானது வடசென்னையில்தான். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் நூற்றுக்கு 77 பேருக்கு மேல் போட்டார்கள். அத்தனை பேரும் காசுக்குத்தான் வந்தார்கள் என்று நினைப்பவர்கள், வெயிலில் வரிசையில் நிற்கும் எங்கள் தெருப் பெண்களின் பேச்சை ஒரு தடவை வந்து கேட்க வேண்டும்.

என் அத்தைக்கு 86 வயசு. கணவரின் அம்மா. 85 தாண்டியவர்களுக்கு இந்தத் தடவை வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்கள், 12டி ஃபாரம் கொடுத்தால் போதும். பி.எல்.ஓ. அம்மா, அதாவது எங்கள் வாக்குச்சாவடி அலுவலர், வீட்டுக்கு வந்து விவரமாகச் சொன்னார். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நான் என்ன படுத்துட்டேனா?" பூத்துக்கு நடந்து போய்த்தான் போடுவாராம். முதல் ஓட்டு 1962-இல், அப்போது வயது வரம்பு 21. விரலில் அழியா மை வைக்க ஆரம்பித்ததும் அந்தத் தேர்தலில்தான். மைசூரிலிருந்து வந்த மை. மாமா பின்னி மில் தொழிலாளி. அவர் 1957-இல் போட்டது எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளைக்கு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய மனிதர் அவர். அந்தச் சங்கம் 1918-இல் பெரம்பூரில் பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார் போன்றவர்களால் தொடங்கப்பட்டது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அந்தோணிப் பிள்ளை சுயேச்சையாக நின்று வடசென்னையிலிருந்து மக்களவைக்குப் போனார். "மில்லு கேட்டுல நின்னு பேசின அதே ஆள் டெல்லியிலயும் நின்னு பேசினாரு" என்பார் மாமா. மில் 1996-இல் மூடிவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்தபிறகு ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவையும் அலுக்கவில்லை.

எண்ணூரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனசு வரவில்லை. என் நாத்தனார் வீடு சின்னக்குப்பத்தில். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் ஃபோன் பண்ணினாள். "அண்ணி, கண்ணெல்லாம் எரியுது, மூச்சு விட முடியல, புள்ளைங்களத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டோம்" என்றாள். பின்னால் யாரோ கத்துவதும் குழந்தைகள் இருமுவதும் கேட்டன. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. எந்தப் பக்கம் ஓடினால் காற்று நன்றாக இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, இருட்டில் கூட்டம் போன பக்கம் போயிருக்கிறார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல். அந்த வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக முகத்துவாரத்துக்கு வந்து, படகும் வலையும் தார் பூசினது போல ஆகியிருந்தன. அதற்கு முன்னால் 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை ஆட்கள் பக்கெட்டால் அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது.

கசிவுக்குப் பிறகு குப்பத்து ஜனங்கள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். தினசரி கண்காணிப்பு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கடற்கரைக்கான விதியை எழுதுவதும் பெரிய ஆலைக்கு அனுமதி தருவதும் டெல்லி அமைச்சகம். இரண்டுக்கும் நடுவில் நாத்தனாரின் சின்னப் பையனுக்கு இன்னும் ராத்திரியில் இருமல் வந்தால் வீடே எழுந்து உட்காருகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே மக்களவையில் எழுந்து நின்று, அமைச்சர் பதில் சொல்லும்வரை உட்காராத ஒரு ஆள் வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் பெண்ணுக்கு இது முதல் ஓட்டு. அட்டை தபாலில் வந்த அன்றைக்கே ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். ஆரம்பத்தில் "எல்லாரும் ஒண்ணுதாம்மா, நோட்டா போட்டுடறேன்" என்றாள். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த உரிமை அது, போடாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோட்டா எத்தனை விழுந்தாலும் மீதியில் அதிகம் வாங்கியவர்தான் எம்.பி. என்று மட்டும் சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் திறந்தோம். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எல்லாருடையதும் இருக்கிறது. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் உண்டு. மக்களவைத் தளத்துக்குப் போனால் ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதும் தேதியோடு கிடைக்கும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையிலேயே எழுந்து பதில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் எழுத்தில் வரும். என் பெண் அதில் ரயில்வே, துறைமுகம், எண்ணூர் என்று தேடித் தேடிப் படித்தாள். "இவ்ளோ நாளா இது இங்கயே இருந்துச்சாம்மா?" என்றாள். நோட்டா பேச்சு அதோடு நின்றது. யாருக்கு என்பதை எனக்குச் சொல்லமாட்டாளாம். சொல்ல வேண்டாம்.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் உண்டு. அதில் பஸ் ஸ்டாப் நிழற்குடையும் ஹைமாஸ் விளக்கும் வரும், வாக்கு கேட்கும்போது அந்தப் பட்டியலைத்தான் வாசிப்பார்கள். விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, பெண் பிள்ளை வைத்திருக்கும் எனக்கு வெளிச்சத்தின் அருமை தெரியும். ஆனால் விளக்கைக் கார்ப்பரேஷனும் போடும். தண்டவாளத்தையும் துறைமுகத்தையும் கழிமுகத்தையும் பற்றிக் கேட்க எங்களுக்கு அந்த ஒரு ஆளை விட்டால் வேறு யாரும் கிடையாது.

பிரசாரம் 17-ம் தேதி மாலை 6 மணியோடு முடிகிறது. எங்கள் தெருப் பக்கம் இன்னும் வராத வண்டிகள் இருக்கின்றன. கேட், ட்ரெய்லர் வரிசை, அமோனியா குழாய் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், நான் ஆபீஸில் இருந்தால் என் பெண் கொடுப்பாள். நோட்டீஸ் கொடுக்கும் தம்பிகளிடம் இல்லை, வண்டியில் நிற்பவர் கையில். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் உங்கள் தெருவில் கொடுங்கள். பூத் ஸ்லிப் வராதவர்கள் பயப்பட வேண்டாம், பட்டியலில் பெயர் இருந்தால் வாக்காளர் அட்டையோ ஆதாரோ ஃபோட்டோ ஒட்டிய பாஸ்புக்கோ போதும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். காலை 7 மணிக்கே திறந்துவிடுவார்கள்.